மினாட்சி ஓட்டிய கார்

கரும்பாலைக்குப் புது மோட்டார் பூட்ட
கோவையிலிருந்து வந்தவன் நான்.
ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
நண்பகலில் வாசலில் நின்றால்
என் உயரத்துக்குக் கொஞ்சமே குறைவாய்
தெற்கே நீண்டு கிடக்கிறது நிழல்.
சூரியன் இங்கே வடக்கில் குடியிருக்கிறது.
போகட்டும்,
நிழலாவது சாத்திரப்படி
தெற்கே தலைவைத்துப் படுத்திருக்கிறது.

முதல் நாள் காலை
ஷிப்ட் அதிகாரி கிஸ்லேன் அம்மையார்
இடக்கன்னம் ஒன்று வலக்கன்னம் ஒன்று
முத்தமிட்டு வணக்கம் சொன்னார்.
எனக்குப் பின்னால் நின்ற பிட்டருக்கும்
அவருக்குப் பின்னால் நின்ற காவலாளிக்கும் அப்படியே.
என் கையில் இருபத்திரண்டு நம்பர் ஸ்பேனர்.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மறுநாள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு
முகம் கழுவிக் காத்திருந்தேன்.
அன்று அவருக்கு விடுமுறை.

ஞாயிறு ஊர் சுற்ற கார் வரும், டிரைவர் பெயர் மினாட்சி என்றார்கள்.
தலையைச் சீவிச் சட்டையை மாற்றி நின்றேன்.
இறங்கியது ஆறடி ஆண்,
மொட்டைத் தலை, முழங்கையில் நங்கூரம் பச்சை.
பாத்ரிஸ் மினாட்சி.
கப்பலடியில் பெயர் எழுதிய குமாஸ்தாவின் காதில்
எது விழுந்ததோ, யார் பெயர் விழுந்ததோ,
ஐந்து தலைமுறை ஆண்களும் மினாட்சிகள்.
கழுத்தில் மாதா பதக்கம்,
மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.
காலையில் பூசை பார்த்துவிட்டு வந்தானாம்,
மாலையில் காளிக்கு ஆடு வெட்டப் போகவேண்டுமாம்.
என் முகத்தைப் பார்த்து
'ஏன், ஞாயிறு நீளம்தானே' என்றான்.

அதை ஃபோன்தான் மொழிபெயர்த்தது.
அதே ஃபோன் சற்று முன்
'உங்கள் எரிமலை சாப்பிட்டதா' என்றும் கேட்டது.

சலாஸிக்கு ஏறினோம்.
மழை விட்டு மூன்று நாளாம்.
மலை இன்னும் தலை துவட்டி முடிக்கவில்லை.
அருவி என்று ஒருமையில் சொல்ல வாய் வரவில்லை.
பாறை விரிசல் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை நூல்,
சில தரையைத் தொடுமுன்பே
காற்றில் அவிழ்ந்து புகையாகின்றன.
அங்கே அந்த உயரத்தில்
யாரும் பார்க்காத இடத்தில்
வாலில்லாமல் விழுகிறது தண்ணீர்.
கண்ணாடியை இறக்கினேன், குளிர் வந்து மடியில் அமர்ந்தது.

மின்கம்பி மேல், பாழ்வீட்டின் மேல்,
துருவேறிய ஒரு பெஜோ மேல்
கொடி ஏறிக் காய்த்துத் தொங்கியது.
'ஷூஷூ' என்றான்.
'சௌசௌ' என்றேன்.
வண்டியை நிறுத்திச் சிரித்தான்.
அடுத்த வளைவில் ஒரு மரம், மெல்லிய இலை.
'முருங்' என்றான்.
'முருங்கை' என்றேன்.
இப்போது சிரிக்கவில்லை.
எங்கள் சொல்
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

வாயைத் திறந்தேன்,
மூடினேன்.
அவன் சொல்தான். அவன் வீட்டுக் கொல்லையில்
வேலியோரம் நிற்கும் மரம்தான்.

பிற்பகல், எரிமலை கடலுக்கு இறங்கிய சாலை.
கறுப்பு ஓட்டங்கள், ஒவ்வொன்றுக்கும்
ஆண்டு எழுதிய பலகை.
இரண்டாயிரத்து ஏழைக் காட்டி
'என் மகள் அந்த வருடம். இந்தத் துண்டுச் சாலையைவிட
அவள் மூத்தவள்' என்றான்.
இறங்கி நடந்தேன்.
கரிசல் என்று கை தானாகக் குனிந்து அள்ளியது.
விரல் கீறிவிட்டது. கண்ணாடிபோல் விளிம்பு.
இரத்தம் பாறையில் விழுந்து
நிறம் தெரியாமல் போயிற்று.
பள்ளத்தில் ஒரே ஒரு பெரணி,
குழந்தை விரலளவு சுருள்.
அதைத் தவிர எல்லாமே அணைந்த அடுப்பு.

தூறல் தொடங்கியது.
பாறையின் வெடிப்புகளிலிருந்து ஆவி எழுந்தது,
இத்தனை வருடம் கழித்தும்
அடியில் ஏதோ ஆறவில்லை.
கைக்குட்டையை நீட்டி
'கொமோனிலே?' என்றான்.
எப்படி இருக்கிறாய் என்பது.
இதற்கு இங்கே ஒரே பதில், காலையிலேயே கற்றுத்தந்திருந்தான்:
'லே லா.'
இருக்கேன், ஏதோ இருக்கேன் என்று
நம்மூரில் இழுப்போமே, அது.

சொன்னேன்.
உச்சரிப்பு சரியில்லை என்று
இன்னொரு முறை சொல்லவைத்தான்.